ஊர்க்கூத்தும் இணையமும்

ஈழத்துத் தமிழ்க் கிராமங்களின் கலைச்செல்வங்களுள் கூத்துத் தலையாயது என்பது அறிஞர் பலரும் ஒப்பிய கருத்தாகும். அக்கூத்தினை இன்று மூன்று இடங்களிற் காணலாம். கோயில் வெளியிலே மண் அணைத்துக் கட்டப்படும் வட்டக்களரி ஒன்று. பல்கலைக்கழகங்களிலும் பாடசாலைகளிலும் உள்ள படச்சட்ட மேடை மற்றொன்று. கைத்தொலைபேசியின் கண்ணாடித் திரை மூன்றாவது. முன்னைய இரண்டைப் பற்றியும் அறுபதாண்டுகளுக்கு மேலாக ஆராய்ச்சி நடந்துவருகின்றது. மூன்றாவதைப் பற்றியோ, கலை உலகெங்கும் பரவிவிட்டது என்னுங் களிப்பும், கலை கெட்டுவிட்டது என்னும் புலம்பலுமே பெரிதுங் கேட்கின்றன. களிப்பும் புலம்பலும் திறனாய்வாகா. கிராமத்துக் கலைஞர் இணையத்தை எதற்குப் பயன்படுத்துகின்றனர், அப்பயன்களுள் எது கூத்தின் இயல்போடு பொருந்துவது, எது அதனைத் திரிப்பது என்பனவே ஈண்டு ஆராயத்தக்கவை.

இலங்கையில் வணிக முறையிலான இணையச் சேவை 1995இல் தொடங்கியது. புரோட்பாண்ட் என வழங்கும் அகலப்பட்டை இணைப்பு 2003ஆம் ஆண்டளவில் நகரங்களுக்கு வந்தது. வன்னிக் கிராமங்களிலே கைத்தொலைபேசிக் கோபுரங்கள் பரவலாக எழுந்தது 2009இற்குப் பின்னரேயாம். சாதாரணத் தெளிவிற் பிடித்த படம் ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ அரை ஜிகாபைற் எனக் கொள்ளின், எட்டு மணிநேரக் கூத்து நான்கு ஜிகாபைற் அளவினதாகும். பழைய தொலைபேசிக் கம்பிவழி இணைப்பில், அதன் உச்ச வேகமாகிய நொடிக்கு 56 கிலோபிற் முழுவதுங் கிடைத்தாலும், இவ்வொரு கூத்தை அனுப்ப ஆறு நாளுக்கு மேற் சென்றிருக்கும். 2013 முதல் நான்காந் தலைமுறை இணைப்புப் பரவியபின்னரே, அண்ணாவியாரின் பேரன் களரியோரத்தில் நின்று பிடித்த படத்தை மறுநாட் காலைக்குள் உலகுக்கு அனுப்பும் நிலை உண்டாயிற்று. கூத்தும் இணையமும் உண்மையாகச் சந்தித்த காலம் ஆகவே மிக அண்மையது.

இணையத்துக்குச் செல்வது எது என்று அறிய, கூத்து என்பது எது என்று முதலில் அறிதல் வேண்டும். மட்டக்களப்பு வழக்கிலே கூத்தொன்று சட்டங் கொடுத்தலுடன் தொடங்கும். ஊர்ப் பெரியோரும் அண்ணாவியாருங் கூடி, இன்னாருக்கு இன்ன பாத்திரம் எனத் தீர்மானித்து, அவரவர்க்குரிய பாட்டும் வசனமும் எழுதிய பகுதியைக் கையளிப்பர். பின்னர்ப் பல மாதம் இரவுப் பழக்கம் நிகழும். ஆட்டம் ஓரளவு கால்களிற் படிந்ததும் சதங்கை அணிதல், அதன்பின் கிழமைக்கூத்து, முழுவதையும் ஒழுங்குற ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல், ஈற்றிலேதான் உடையணிந்து விடியும்வரை நடைபெறும் அரங்கேற்றம். அரங்கேறிய கூத்து வீட்டுக்கு வீடு சென்று ஆடப்படுதலும் உண்டு. மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் நிகழுங் காமன்கூத்தும் இத்தகையதே. காமன் கம்பம் ஊன்றிய நாள் முதற் காமன் தகனம் வரை தோட்டமே கூத்தினுள் வாழ்கின்றது. ஓரூர் தன்னைத் தானே கூட்டி வைத்திருக்கும் பல நாள் முயற்சியின் கடைசி இரவுதான் அரங்கேற்றம். இணையத்திற் காணப்படுங் கூத்துகள் மிகப்பெரும்பாலும் அக்கடைசி இரவையே காட்டுகின்றன. அதிலும் ஒரு துண்டை.

அவ்விரவு தானும் திரையில் எவ்வாறு தோன்றுகின்றது என்பதைச் சிறிது விரிவாக நோக்குதல் தகும். வட்டக்களரியின் நடுவே அண்ணாவியார் மத்தளத்துடனும் தாளக்காரர் சல்லரியுடனும் நிற்பர். கொப்பி பார்ப்பவரும் பிற்பாட்டுக்காரரும் அவரோடு நிற்பர். இவர்களைச் சுற்றிக் கூத்தர் ஆடுவர். களரியைச் சுற்றி ஊரார் இருப்பர். கூத்தன் ஒவ்வொரு சுற்றிலும் நாற்புறத்தாரையும் சந்திக்கின்றான். அவனுக்கு முன்பக்கம் பின்பக்கம் என்பன இல்லை. வடமோடியின் கரப்புடுப்பு எப்பக்கம் நோக்கினும் ஒரே வடிவாய் விரிந்து நிற்பதும் இதனோடு இயைவதே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை கூறும் அரங்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையது; மூவகை எழினிகளும் அங்குத் தொங்கின. அவ்வேத்தியல் அரங்கு ஒருபக்கம் நோக்கியது. கூத்துக் களரியோ அதனின் வேறாய பொதுவியல் மரபினது. இவ்வேறுபாட்டை மறந்து, சிலம்பின் அரங்கே நம் கூத்தின் அரங்கு என்று மேடைகளிற் பேசுவோர் இன்னும் உளர்.

கமராவுக்கு ஒரு முகமே உண்டு. அது களரியின் ஓரத்திலே முக்காலியில் நிறுத்தப்படுகின்றது. சிறிது நேரத்துள் ஆடுவோர் அதனைக் கண்டுகொள்கின்றனர். அரசனின் வரவு அதன் பக்கம் சாய்கின்றது. நாலடியும் எட்டும் போடும்போது உடல் சுழன்றாலும் முகம் அங்கேயே திரும்புகின்றது. எதிர்ப்புறத்தில் இருந்த கிழவிக்கு அன்றிரவு கிடைப்பது முதுகுதான். அவள் எழுந்து போனால் அது படத்திற் பதியாது. யூரியூப் தளம் 2015 முதல் நாற்புறமும் பதியும் வட்டப்படத்தை ஏற்கின்றது. அக்கருவியைக் களரிக்குக் கொணரின் இக்குறை தீரும் என்பாரும் உளர். பார்வையாளன் வேண்டிய பக்கம் திரும்பிப் பார்க்கலாம் என்பது உண்மையே. ஆயின் கூத்தன் தன்னைப் பார்ப்பவனைப் பார்க்க அதில் வழியில்லை. களரியிலே பாட்டுச் சோர்ந்தால் ஊரார் எடுத்துக்கொடுப்பர். தாளந் தவறினால் நகைப்பர். தன் மகன் அருச்சுனனாய் வரும்போது தாய் எழுந்து நிற்பாள். இவையெல்லாம் ஆட்டத்தைத் திருத்தியும் ஏற்றியும் வைப்பன. திரையின் கீழே இடப்படும் விருப்பக் குறிகள் ஆட்டம் முடிந்த பின்னரே வருவன. அவற்றால் அவ்விரவின் ஆட்டம் அணுவளவும் மாறாது.

அடுத்துச் சுருக்கம். கூத்தைச் சுருக்குதல் இணையம் செய்த பாவம் என்று கூறுவது வரலாறறியாக் கூற்றாகும். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இற் கர்ணன் போரையும், 1963இல் நொண்டி நாடகத்தையும், 1964இல் இராவணேசனையும், 1967இல் வாலி வதையையும் மேடையேற்றினார். விடிய விடிய நிகழ்வது படச்சட்ட மேடைக்கேற்பச் சில நாழிகையுள் அடங்கியது. அன்றும் எதிர்ப்பு எழுந்தது. எனினும் அச்சுருக்கத்துக்கு ஓர் ஆசிரியன் இருந்தான். எதை விடுவது, எதை வைப்பது, எவ்வாட்டத்தை எங்கு நிறுத்துவது என்பவற்றை, வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் போன்ற மரபறிந்தோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீர்மானித்தனர். இராவணனின் வீழ்ச்சி என்னும் ஒரு நோக்கம் அச்சுருக்கத்தை ஆண்டது. 2021இல் உலகெங்கும் பரவிய குறும்படத் துணுக்கு அறுபது நொடியினது. 2024இல் மூன்று நிமிடமாக நீண்டது. அத்துணுக்கில் எஞ்சுவது பெரும்பாலும் பாய்ச்சலும் போரும் ஒப்பனையுமே. தென்மோடியின் நீட்டி இழுக்கும் பாட்டு, காத்திருக்கும் நாயகியின் விருத்தம், கட்டியகாரனின் நிதானம் ஆகியன அறுபது நொடிக்குள் அடங்கா. ஆதலால் அவை இல்லாதன போல் ஆகின்றன. ஆண்டு சிலவாகத் துணுக்குகளையே கண்டு வளரும் இளைஞன் ஒருவன், கூத்தென்றால் துள்ளலே என்று எண்ணிக் களரிக்கு வருவானாயின், அண்ணாவியாரின் வேலை இரட்டிக்கும்.

இத்துணையுங் கண்டு, இணையம் கூத்துக்கு ஆகாதது எனத் துணிதல் தகாது. களரியாக நோக்கும்போது குறைபடும் அது, ஏடாக நோக்கும்போது பெரும் பொருளாகின்றது. கூத்தின் வரலாற்றில் ஏட்டின் இடம் பலரும் கருதுவதினும் பெரிது. அண்ணாவியாரின் பிரதி அவர் குடும்பத்துச் சொத்து. ஓலையிலிருந்து கொப்பிக்கும், கொப்பியிலிருந்து கொப்பிக்கும் பெயர்த்தெழுதப்பட்டு வந்தது. கறையான் தின்றதும், வெள்ளங் கொண்டுபோனதும், யுத்தத்தில் வீட்டோடு எரிந்ததும், 2004ஆம் ஆண்டுக் கடற்கோளிற் போனதும் ஆகப் பிரதிகள் அழிந்த வழி பல. வித்தியானந்தன் கூத்தை மேடையேற்றியதோடமையாது, அலங்காரரூபன் நாடகத்தை 1962இலும் என்றிக் எம்பரதோர் நாடகத்தை 1964இலும் பதிப்பித்தார். முன்னையது மட்டக்களப்புத் தென்மோடி; பின்னையது மன்னார்க் கத்தோலிக்கரின் நாடகம். அவ்வச்சுப் பிரதிகளால் இரண்டும் ஊரெல்லை கடந்து கற்போர் கைக்கு எட்டின. ஆயின் அச்சு பாடத்தைக் காத்ததேயன்றித் தாளக்கட்டின் ஒலியையும் மெட்டையும் காக்க அதனால் இயலவில்லை. ‘இன்ன தரு, இன்ன தாளம்’ என்ற தலைக்குறிப்பைக் கண்டு பாட அறியாதவன் பாடிவிட முடியாது.

ஒலியும் அசைவும் தாங்கும் ஏடு என்ற வகையில் இணையத்துக்கு நிகர் முன்னர் இருந்ததில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தித் தொலைவிலிருப்போர்க்கும் இலவசமாகத் தருகின்றது; ஒலிப்பதிவுகளையும் படங்களையும் காக்கும் முயற்சியையும் அது மேற்கொண்டுள்ளது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்த கதையை அறிந்த சமூகத்துக்கு, ஒரே கட்டடத்துள் அடங்காத நூலகத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1989இல் மறைந்த நடிகமணி வி. வி. வைரமுத்துவின் குரலை, அவர் மயான காண்டத்தை மேடையிற் காணும் பேறில்லாத தலைமுறை இன்று இணையத்திற் கேட்கின்றது. அவரது பாட்டைக் கேட்டுப் பாடிப் பழகும் இசைநாடகக்காரனுக்கு அது காட்சியன்று, பாடப்புத்தகம்.

இதனினும் எளிய, ஆயின் ஆராய்ச்சியாளர் கவனியாத ஒரு பயன் உண்டு. வெளிநாட்டு வேலைக்கோ கொழும்புக் கடைக்கோ போன இளைஞனுக்கு, அவன் பாட வேண்டிய தருவை அண்ணாவியார் வட்சப் வழியே தம் குரலிற் பாடி அனுப்புதல் எளிது. அவன் பாடித் திருப்பி அனுப்ப, அவர் கேட்டுத் திருத்தலாம். உலகம் காணாத இவ்வுரையாடல் விளம்பரத்துக்குரியதன்று. ஆயின் சட்டங் கொடுத்தலும் பழக்கமும் தொடர இடந்தருவது இதுவே. ஒருவரையொருவர் முன்பே அறிந்தவரிடையே செல்லுந் தூதாக நிற்கும்பொழுது இணையம் கூத்தின் இயல்போடு முரணுவதில்லை.

கிராமத்தார் இணையத்தைத் தம் இயல்புக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளுதல் இந்நாட்டுக்குப் புதியதுமன்று. மகாவலித் திட்டத்தால் இடம்பெயர்ந்த மக்களுக்கென 1989இற் கொத்மலையில் ஒரு சமூக வானொலி தொடங்கப்பட்டது. 1990களின் இறுதியிலே யுனெஸ்கோவின் உதவியோடு அங்கு இணைய இணைப்புக் கிடைத்தது. வீட்டில் கணினி இல்லாத கமக்காரர் தம் ஐயங்களை வானொலிக்கு எழுதி அனுப்புவர். ஒலிபரப்பாளர் இணையத்திலே தேடி, அறிந்தாரையும் அருகில் இருத்தி, கிடைத்ததைக் கேட்போரின் மொழியில் விளக்குவர். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினிகள் வைக்கப்பட்டன. இம்முயற்சியின் சிறப்புக் கருவியில் இல்லை. கருவிக்கும் ஊருக்கும் இடையே ஊரறிந்த ஒருவர் இருந்தமையிலேதான் உண்டு. கூத்துப் பற்றிய இணையப் பதிவுகளிற் குறைவது அவ்விடையாளே. பெரும்பாலான பதிவுகளிற் கூத்தின் பெயர்தானும் பிழையாக உள்ளது. எவ்வூர்க் களரி, எவ்வாண்டு, அண்ணாவியார் யார், வடமோடியா தென்மோடியா என்பன இல்லை. ‘அருமையான பாரம்பரிய நடனம்’ என்ற தலைப்போடு முல்லைத்தீவுக் கோவலன் கூத்தும் வட்டுக்கோட்டைத் தருமபுத்திர நாடகமும் ஒன்றாகி விடுமெனின், அத்தகைய பரவலால் விளையும் பயன் யாதோ?

ஊரைப் பிரிந்து வாழ்வோர் இதற்கு விதிவிலக்கு. ரொறன்ரோவிலோ பாரிஸிலோ உள்ள அவ்வூரான் படத்தைப் பார்க்கும்போது தலைப்புத் தேவையில்லை. வரவு தொடங்கும்போதே ஆடுபவன் இன்னாரின் மகன் என்பதை நடையிற் கண்டுகொள்வான். குறைந்த வெளிச்சமும் ஆடிய கமராவும் அவனுக்குத் தடையல்ல. அவன் தன் நினைவால் மிகுதியை நிரப்புகின்றான். உடுப்புக்கும் முடிக்கும் மத்தளத்துக்கும் அவன் பணம் அனுப்புவதும் உண்டு. ஆயின் பணத்தோடு விருப்பமும் வருகின்றது. ‘நேரடி ஒளிபரப்புச் செய்யுங்கள், எங்கள் பகல் நேரத்தில் வையுங்கள், நீட்டாமல் முடியுங்கள்’ என்பன அவ்விருப்பங்கள். ஊரவன் என்ற உரிமையோடு அவன் கேட்கின்றான். மறுப்பது அண்ணாவியாருக்கு எளிதன்று.

திரைக்காகவே தோன்றிய கிராமக் கலை ஒன்றினை இதனோடு ஒப்பிடின் வேறுபாடு விளங்கும். தமிழ்நாட்டிலே புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் ஒரு முதியவரும் அவர் பேரன்மாருங் கூடி 2018இல் வில்லேஜ் குக்கிங் சேனல் என்னும் யூரியூப் அலைவரிசையைத் தொடங்கினர். வயல்வெளியிலே அடுப்பு மூட்டிப் பெரும் அண்டாக்களிற் சமைப்பதும், சமைத்ததை ஆதரவற்றோருக்கு வழங்குவதுமே அதன் பொருள். 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரரைப் பெற்ற முதல் தமிழ் அலைவரிசை அதுவாயிற்று. அவர்களது வெற்றிக்குக் காரணம் கிராமியம் என்று மட்டுங் கூறிவிடல் மேலோட்டமானது. அவர்கள் கமராவை நோக்கியே சமைத்தனர். பேச்சைக் குறைத்து, இடிக்கும் ஒலியையும் கொதிக்கும் ஒலியையும் முன்னிறுத்தினர். மொழி அறியாதவனுக்கும் அது விளங்கியது. அவர்களிடம் திரிவதற்கு முந்திய வடிவம் ஒன்று இருக்கவில்லை. திரையே அவர்களது களரி. கூத்தரைப் பார்த்து, ‘அவர்கள் உழைக்கவில்லையா, நீங்களும் செய்யுங்கள்’ என்று அறிவுரை கூறுவோர் இதனை எண்ணுவதில்லை. 2018 முதல் யூரியூப்பில் விளம்பர வருவாய் பெற ஆயிரம் சந்தாதாரரும் ஓராண்டில் நாலாயிரம் மணிநேரப் பார்வையும் வேண்டும் என்ற விதி உள்ளது. பின்னர்ச் சில சலுகைகள் வந்தபோதிலும், இடையறாது படைப்போருக்கே அவ்வழி பயன்படும். ஆண்டுக்கொரு கூத்து ஆடும் ஊர் அவ்விதியின் கண்ணிற் படாது.

மற்றொரு பக்கமும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. களரியைச் சுற்றி எல்லாரும் ஒப்ப இருந்தனர் என்று பழமையைப் புகழ்வோர் கூறுவது மிகை. யார் அரசனாவது, யார் ஏவலனாவது, யார் எங்கிருந்து பார்ப்பது என்பவற்றிற் சாதி புகுந்திருந்த ஊர்கள் பல. பெண் வேடத்தையும் ஆடவரே தாங்கினர். திரைக்கு இவ்விருக்கை வரிசை தெரியாது. ஒருகாலத்தில் வேலிக்கு வெளியே நின்று மத்தள ஒலியை மட்டுங் கேட்டவரின் பேரப்பிள்ளை இன்று அக்கூத்தைத் தன் கையில் வைத்துப் பார்க்கின்றது. ஆட்டம் பார்த்துப் பழகும் சிறுமியை ‘உனக்கேன் இது’ என்று கேட்க அங்கு எவருமில்லை. எனினும் பார்க்கும் உரிமை வேறு, ஆடும் உரிமை வேறு. பின்னையதைப் பெறுதற்கு ஊரிலேதான் வாதாட வேண்டியிருக்கின்றது. மட்டக்களப்புச் சீலாமுனையிலே சி. ஜெயசங்கரும் அவரைச் சார்ந்தோரும் ஊர்மக்களோடு இருந்து நிகழ்த்திய கூத்து மீளுருவாக்கம் இவ்வகையினது. பிரதியிலுள்ள பெண் சித்திரிப்பையும் ஏற்றத்தாழ்வையும் அண்ணாவியாரும் ஆடுவோரும் பெண்களும் கூடியிருந்து விவாதித்து மாற்றினர். அவ்விவாதத்தை நிகழ்த்தியது களரிதான். எந்தத் திரையும் அன்று.

இனி, ஏடு என்று கொண்டபின், அவ்வேடு யாருடைய பெட்டியில் உள்ளது என்ற வினா எழும். கூத்துப் பதிவுகள் இன்று அந்நிய நிறுவனங்களின் கணினிகளில், ஊர் இளைஞர் ஒருவரின் பெயரிலுள்ள கணக்கிலே கிடக்கின்றன. அவர் கடவுச்சொல்லை மறந்தால், அல்லது கோபித்தால், ஊரின் பதிவு போயிற்று. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்பிரலிலும் 2022 ஏப்பிரலிலும் அரசு சமூக ஊடகங்களை நாடெங்கும் தடைசெய்தது. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றபோது, களரி பந்த வெளிச்சத்திலும் நடந்திருக்கலாம்; திரை நடவாது. பதிவின் மூலப்படி ஒன்று ஊர்க் கோயிலிலோ வாசிகசாலையிலோ, மற்றொன்று அண்ணாவியார் வீட்டிலோ இருத்தல் வேண்டும். ஒரு வன்றட்டின் விலை கரப்புடுப்பின் விலையை மிஞ்சப் போவதில்லை.

எதைப் பதிவது என்பதிலும் மாற்றம் வேண்டும். அரங்கேற்றத்தைப் பிடிக்கப் பத்துக் கைத்தொலைபேசிகள் உயர்கின்றன; பழக்கத்தைப் பிடிக்க ஒன்றுமில்லை. அண்ணாவியார் தாளக்கட்டை வாயாற் சொல்லிக் காலாற் காட்டி, தவறியவனை நிறுத்தி, மறுபடியும் ஆடவைக்கும் இரவுகளே கற்போனுக்கு வேண்டியவை. அவற்றைப் பிடிப்போர் கமராவைக் களரியின் ஓரத்தில் வையாது நடுவிலே, மத்தளக்காரரின் காலடியில் வைத்துப் பார்க்கலாம். அங்கிருந்து நோக்கின் ஆடுவோனின் அடிகள் தெளிவாகத் தெரியும். அவனுக்குப் பின்னே சுற்றியிருக்கும் ஊராரின் முகங்களும் தெரியும். அண்ணாவியாரின் முகம் மட்டும் தெரியாது, குரல் கேட்டுக்கொண்டிருக்கும்.